வண்டி இறக்கிய கதையில் அப்பா முழுங்கிய பாதி

அன்பு மகன் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், என் முழங்கால் சுமார், உன் அப்பா தேவைக்கு மேலேயே சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் துவைத்த சட்டை போட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பித்தானே ஆகவேண்டும். போன வாரம் போனில் உன் டிரக்கின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் இறக்கப் போகிறேன், வீட்டு வாசலிலேயே முடித்துவிடுவேன் என்றாய். உன் அப்பாவும் "அது ஒண்ணும் பெரிய வேலை இல்லடா, நான் ஒரே காலையில முடிச்சேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன், வாயில் ஊசி இருந்ததால் நீ தப்பித்தாய், அவரும் தப்பித்தார். போனை வைத்த கையோடு, நடந்ததை உனக்கு எழுதக் கூடாது என்று எனக்குத் தடை வேறு போட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வண்டியை இறக்கியது உன்னைப் போல் அழகுக்கு இல்லை. வண்டியில் ஏற என் முழங்கால் அந்த உயரத்துக்கு மடங்க மறுத்துவிட்டது, ஒவ்வொரு தடவையும் உன் அப்பா பின்னாலிருந்து மூட்டை ஏற்றுவது போல் என்னைத் தள்ள, தெருவே வேடிக்கை பார்த்தது. முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று போல்ட்டு இருக்கிறதாம், அதைத் தளர்த்தினால் மூக்கு இறங்குமாம், அவ்வளவுதான் வேலையாம். ஜாக்கியால் தூக்கினார், துணைக்குச் செங்கல் அடுக்கினார், முதுகுக்கு அட்டை விரித்தார். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டேன். "முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன், எனக்கே சொல்லித் தர்றியா" என்றார். நானும் முப்பது வருஷமாகத் தைக்கிறேன், போட்டுப் பார்க்காமல் ஒரு சட்டையையும் கொடுத்ததில்லை. தலையணையை எடுத்து வந்து அட்டையில் போட்டேன். "முதல்ல நான் படுத்துப் பார்க்கறேன், எனக்குச் சரியா இருந்தா அப்புறம் நீங்க படுங்க" என்றேன். நான் தரையில் உட்காரவே அரை நிமிஷம் ஆகும், அதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய் இரண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்கி வந்தார்.

வாங்கினாரே தவிர மனசு ஒப்பவில்லை. பாரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்காமல், ஒரு விரல் இடைவெளி விட்டு என் கண்ணுக்காக வைத்தார். அடியில் படுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ஜாக்கி தானாக இறங்கிவிட்டது. டொக்கென்று ஒரு சத்தம். மேல் செங்கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது, ஸ்டாண்டு மட்டும் வண்டியைத் தாங்கி அசையாமல் நின்றது. உன் அப்பா வெளியே நகர்ந்து வந்து, "தண்ணி குடு" என்றார், மூன்று டம்ளர் குடித்தார். அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அன்று முழுக்க நான் தையலைத் தொடவில்லை, பயந்துபோயிருந்தேன்.

சாயங்காலம் முறையாகச் செய்தார். பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பாரம் முழுவதும் ஸ்டாண்டின் மேல், அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார், இரண்டு பக்கமும் சரிசமமாகச் சுற்றுகளை எண்ணித் தளர்த்தினார். அதற்குப் பிறகு நடந்த கூத்து என்னுடையது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஸ்டாண்டிலிருந்து தரையில் இறக்கியதும் என் டேப்பால் அளந்து, போதாது இன்னும் இறக்குங்கள் என்று அதிகாரம் பண்ணினேன், அவரும் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். நாலு அடி உருட்டியதும் வண்டி அமுங்கி உட்கார்ந்துகொண்டது, திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசியது. புதுத் துணியை நனைத்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். மறுபடி ஜாக்கியால் தூக்கி, போல்ட்டை இறுக்கி மூக்கை ஏற்றினார், ஒரு வாரத்துக்கு என்னைப் பழித்துக் காட்டினார். ஆகவே உருட்டிவிட்டு அள, பிறகு கடையில் வீல் அலைன்மெண்ட் பார், தனியாக மட்டும் இந்த வேலையைத் தொடாதே.

இவ்வளவும் எழுதி மேஜையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். வந்து பார்த்தால் உன் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்து போய் அந்த இரண்டு ஸ்டாண்டையும் துடைத்து, பழைய போர்வையில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கயிறு கட்டினார். இரும்பை யாராவது இவ்வளவு தூரம் அனுப்புவார்களா, அவன் ஊர்க் கடையில் கிடைக்காதா என்று கேட்டேன். "கிடைக்கும். ஆனா இது தாங்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

பெட்டி கைக்கு வரும்வரை வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதே. ஒரு எலும்பும் குறையாமல் நூறு வயது இரு.

இப்படிக்கு,
தடையை மீறிய உன் அம்மா