தூளி சுமந்த பெண்கள்

சேந்தமங்கலம்,
12-1-2000

அன்புத் தங்கை அருணாவுக்கு,

அக்கா தில்ஷாத் பேகம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மலையில் பனி அதிகம் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு பாடம் நடத்தப் போ.

நல்ல செய்தி. சென்னையில் பெண் ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்கு நம் படத்தை எடுத்துக்கொண்டார்கள். பிரசவ வலியில் துடித்த உன்னைத் தூளியில் சுமந்து மலையிறங்கிய பெண்களை இனி ஊரே பார்க்கும்.

ஒன்று மட்டும். உன் பெயரை மட்டும் போடச் சொல்லிவிடு. இவருடைய அண்ணன் வந்து, "நம்மூட்டுப் பொம்பள பேரு ஊரான் சுவத்துல தொங்கோணுமா?" என்று சத்தம் போட்டார். இவர் தலை நிமிரவேயில்லை. எனக்கு வருத்தமில்லை, வரைந்ததே போதும்.

உன் அக்கா,
தில்ஷாத்

திண்ணனூர் நாடு,
19-1-2000

அன்புள்ள அக்காவுக்கு அருணாவின் வணக்கம்.

வருத்தமில்லை என்று எழுதிய இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறதே அக்கா.

குழந்தை வழியிலேயே போனபின் ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னை "அழாதே" என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து கிடந்த நீங்கள்தான் "நல்லா அழு கண்ணு" என்றீர்கள். நான் சொல்லச் சொல்ல, பார்த்தறியாத அந்த முகங்களை வரைந்தீர்கள். மலையும் பாதையும் மட்டுமே நான் வரைந்தவை. அன்று தூளி தூக்கிய பொன்னாயி அக்காவிடம் சொன்னேன். "எம் மூஞ்சிய வரைஞ்சவங்க பேரு இல்லாம என்னங்க டீச்சர் படம்?" என்கிறார்.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரைப் போடமாட்டேன். ஆனால் என் பெயர் மட்டும் போடவும் சம்மதிக்கமாட்டேன். இரண்டும் இருக்கட்டும், அல்லது இரண்டுமே வேண்டாம். எதுவென்று நீங்களே சென்னைக்கு எழுதுங்கள். எதுவானாலும் நான் உங்கள் பக்கம்தான்.

அன்புடன்,
அருணா

சேந்தமங்கலம்,
24-3-2000

என் அருணாவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதியதைப் படித்த அன்றே, இரண்டு பெயரும் போடச் சொல்லிச் சென்னைக்கு எழுதினேன். ஒளிக்க மனமில்லாமல் இவரிடமே கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னேன். நின்றபடியே படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். சேர்த்தாரா, கிழித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் எங்கள் துணிக்கடைக்குச் சரக்கு எடுக்கச் சென்னை போனவர், வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "உன் பேருதான் மொதல்ல இருக்குது. எழுத்துத்தான் சின்னதாப் போட்டுட்டாங்க" என்றார். கண்காட்சிக்கே போயிருக்கிறார். அங்கே ஒரு அம்மா படத்தின் முன்னால் நின்று அழுதாராம். இவர் பக்கத்தில் போய், "எஞ் சம்சாரமும் அவ தங்கச்சியும் வரைஞ்சதுங்க" என்றாராம். என்னைப் பற்றி வெளி ஆளிடம் இவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை அருணா.

அண்ணன் இன்னும் எங்கள் படியேறவில்லை. பக்ரீத்துக்குக் கொடுத்தனுப்பிய கறி, தூக்குப்போசி மூடியைத் திறக்காமலே திரும்பி வந்தது. அந்த வலி இருக்கிறது. இருந்தும், முடிவை என் கையிலேயே விட்டாயே, அதற்கு உனக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் மலைக்கு வருகிறேன். பொன்னாயி அக்காவை நேரில் பார்க்க வேண்டும். நம் அடுத்த படத்துக்கு வெள்ளைத் துணியை இவரே கடையில் அளந்து கிழித்துத் தந்தார். "பெருசாவே போடுங்க ரெண்டு பேரும்" என்றார்.

உன்,
தில்ஷாத் அக்கா