நண்டுக்கல்லா, கல்நண்டா?

என் பிரியமுள்ள அக்கா,

நாவற்குடா வீட்டில் எல்லாம் நீ விட்டபடியே இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. உன் நல்ல நண்டை அத்தான் இடித்துச் சாப்பிட்டுவிட்டார்.

நீ ஆத்திரப்படாதே. உன் பங்குக்கும் சேர்த்து நானே பட்டுவிட்டேன்.

தேற்றாத்தீவில் களப்போரம் வாய்க்கால் வெட்டியபோது, அள்ளிக் குவித்த சேற்றிலிருந்து இரண்டு நண்டு உயிர்ச்சுவடுகளைப் பொறுக்கி வந்தாயே, அதில் முழுதாக இருந்தது அது. நாம் கறிக்கு வாங்குகிற களப்பு நண்டுதான் கல்லாகிக் கிடக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடு அகலம் கூட, ஓரத்துப் பல் குறைவு, கண் காம்பு படுக்கிற பள்ளம் நீளம் என்றாய். அப்படியென்றால் அது என்ன இனம்? இன்றைக்கும் எங்கேயாவது சேற்றில் ஓடித்திரிகிறதா, அடியோடு இல்லாமற் போய்விட்டதா? வயிற்றுப் பக்கம் தெரிந்தால்தான் சொல்லலாம் என்று, ஊசியால் கொஞ்சங் கொஞ்சமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாய். பாதியில் போய்விட்டாய்.

அத்தானுக்குக் கல்லடைப்பு. நண்டுக்கல்லை இடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் கரையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் உன் அலுமாரியைத் திறந்து, உடைந்த நண்டை ஒதுக்கிவிட்டு முழு நண்டை எடுத்திருக்கிறார். மருந்துக்கு முழுசுதான் நல்லதாம்.

"கல்லுத்தானே எண்டு நினைச்சன், தங்கச்சி. அவ இருந்திருந்தா தானே எடுத்துத் தந்திருப்பா" என்றார்.

தந்திருப்பாயா? எனக்கும் தெரியவில்லை.

இவ்வளவு காலம் தமிழ் படிப்பித்தவள் நான். அத்தானின் பிழையை யோசித்துப் பார்த்தால் அது ஒரு சொல்லில்தான் வந்து நிற்கிறது. பாற்சோறு என்றால் அது சோறு, பால் இல்லை. தேங்காய்ப்பால் என்றால் அது பால், தேங்காய் இல்லை. அப்படியே நண்டுக்கல் என்றால் அது கல். இலக்கணப்படி அத்தான் சரியாகத்தான் பாகுபடுத்தியிருக்கிறார். விஞ்ஞான வகுப்பில் உயிர்ச்சுவடு, உயிரங்கி, இனம் என்று அழகாகச் சொன்ன நீ, வீட்டுக்கு வந்தால் "நண்டுக்கல்லில கை வைக்காதேங்க" என்றுதானே சொன்னாய்? கல்நண்டு என்று ஒரு நாள் சொல்லியிருந்தால், உரலில் போடுமுன் அந்த மனிதர் கொஞ்சம் தயங்கியிருப்பார். செத்துப்போனவளோடு சண்டை பிடிக்கிறேன், பார்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒரு பிள்ளையிடம் உடைந்த நண்டைக் கொண்டுபோனேன். நல்ல பொறுமை. கண்ணாடி வைத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் முழுக்க உடைந்து போயிருக்கிறது, ஓரத்துப் பல்லும் பாதிக்கு மேல் இல்லை. உன் கைபேசியில் இருந்த முழு நண்டின் படத்தையும் காட்டினேன். முதுகுப் பக்கம் மட்டுந்தான் இருந்தது.

"உங்கட அக்கா சந்தேகப்பட்டது சரிதான், ரீச்சர். இது களப்பு நண்டு இல்ல. குடும்பம் வரைக்கும் சொல்லலாம், இனம் சொல்ல ஏலாது. மற்றக் கல்லு எங்க?"

என்ன சொல்ல? படித்த வீடு என்று பெயர் வேறு. தவறிப் போய்விட்டது என்றேன். அவளும் கல் என்றுதான் சொன்னாள் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கான் எடுத்தோம். கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் நண்டு எதற்கும் உதவாமல் போய்விட்டது, அக்கா.

நேற்று அவர் உரலைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. இதைக் கொடுத்தால் கண்டுபிடிக்க ஏலாதா என்று கேட்டார். இடியப்ப மாவைத் தொட்டு அரிசிமா என்று சொல்லலாம், எந்த வயல் வட்டையில் விளைந்த எந்த நெல் என்று சொல்ல முடியுமா என்றேன். தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்:

"அப்ப, அவ இதில என்னத்தைத் தேடினவ?"

ஒரே வீட்டில் உன்னோடு இத்தனை வருசம் வாழ்ந்த மனிதர். நீ இருக்கும்போது ஒரு நாளாவது கேட்டாரா?

உடைந்த நண்டை அவர் கையில் கொடுத்து, கண் காம்பு படுத்திருந்த பள்ளத்தைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, இது ஆணா பெண்ணா என்றார். பெண்ணென்றால் வயிற்று மடல் அகலம், ஆணென்றால் ஒடுக்கம், அதற்கு வயிற்றுப் பக்கம் வேண்டும் என்றேன்.

"அதைத்தான் நான் திண்டிட்டன், என்ன?" என்றார்.

சீட்டு எழுதப் பேனையை எடுத்துவரச் சொன்னேன்.

அக்கா, உடைந்த நண்டுக்குச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். குடும்பப் பெயர் வரைக்கும் எழுதியிருக்கிறேன். இனம் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. ஊகத்தில் ஒரு பெயரை அங்கே எழுத யாரையும் விடமாட்டேன், என்னையும்தான். மாரி முடிந்து வாய்க்காலை மறுபடி தோண்டும்போது அந்தச் சேற்றில் போய்த் தேடுவேன். அத்தானையும் கூட்டிப்போவேன். கிடைத்தால் முதல் வேலையாக வயிற்றுப் பக்கத்தைப் படமெடுப்பேன்.

உன்னோடு இன்னும் கோபம் ஆறாத,
உன் தங்கச்சி