முதுகு காட்டும் நாய்

மார்ச் 3, செவ்வாய்

இன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான், இவர், நாத்தனார், வக்கீல், வக்கீலின் குமாஸ்தா. ஐந்து பேர். நாற்காலி நான்குதான், குமாஸ்தா அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்தார். மாமனாரின் உயிலை வக்கீல் படித்தார். வீடு இவருக்கு. ரெட்டைக்குழல் துப்பாக்கி நாத்தனாருக்கு.

நாத்தனார் சிரித்தாள், பிறகு அழுதாள், மறுபடி சிரித்தாள். "அப்பாவோட குறும்பப் பாருங்க அண்ணி. பட்டாசு வெடிச்சாலே காதப் பொத்திக்கிறவ நான். எனக்குப் போய் துப்பாக்கி!"

அவளுடைய தையல் கடை இருக்கும் இடத்தை உரிமையாளர் விற்கிறார். மாதக் கடைசி வரை அவளுக்காகக் காத்திருப்பாராம். கையில் பாதிப் பணம் வைத்திருக்கிறாள். மீதிக்கு இந்தத் துப்பாக்கியை விட்டால் வேறு வழியில்லை.

"நீங்களே பாத்து வித்துக் குடுங்க அண்ணி. அண்ணன்கிட்ட விட்டா பழைய இரும்பு விலைக்குப் பேசிட்டு, டீயும் வாங்கிக் குடுத்து அனுப்புவார்." இவர் மறுக்கவில்லை.

உரிமம் இவர் பெயருக்கு மாறியிருப்பதால் துப்பாக்கி எங்கள் பீரோவிலேயே இருக்கிறது. ஆண்டவனே, என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். நன்றி.

மார்ச் 5, வியாழன்

கணக்கு நோட்டில் புதிதாக ஒரு பக்கம் பிரித்தேன். இடது பக்கம் "தெரிந்தது", வலது பக்கம் "தெரியாதது". எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் தையல், மின்சார ஃபியூஸ், வருமான வரிப் படிவம் எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துத்தானே வந்தது? நூலகத்திலிருந்து பழைய துப்பாக்கிகளைப் பற்றிய ஒரு தடிமனான புத்தகம் எடுத்துவந்தேன். நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல சண்டையாம்மா?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன்.

தெரிந்தது: குண்டு இல்லை (இவர் மூன்று முறை திறந்து காட்டினார்). குழலின் நீளம், தையல் டேப்பால் அளந்தது, இருபத்தெட்டு அங்குலம். அடியில் எண்ணும் முத்திரைகளும் உண்டு. விசைக்கு மேலே இரண்டு பக்கமும் இரும்புத் தகடு. அதில் கையால் செதுக்கிய வேலை. இடது தகட்டில் நாணலிலிருந்து எழும் ஒரு பறவை. வலது தகட்டில் இன்னொரு பறவை எழுகிறது. ஒரு நாய் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தெரியாதது: நாய் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது? புத்தகத்தில் இருக்கும் நாயெல்லாம் பறவையைத்தான் பார்க்கின்றன. செதுக்கியவர் தப்பு செய்துவிட்டாரோ? இதனால் விலை குறையுமோ?

மார்ச் 9, திங்கள்

பழைய துப்பாக்கிகளுக்கு விலை சொல்லும் மதிப்பீட்டாளர் ஒருவருக்கு எழுதியிருந்தேன். பதில் போட்டுவிட்டார், சனிக்கிழமை வருகிறார்.

மார்ச் 13, வெள்ளி

வீட்டைத் துடைத்தேன். திரை துவைத்தேன். நாளை வருகிறவர் முன்னால் துப்பாக்கி மட்டும் அழுக்காக இருப்பானேன்? இரண்டு தகட்டிலும் நீலமும் பழுப்புமாய்த் திட்டுத் திட்டாகக் கறை, தண்ணீரில் எண்ணெய் சிந்தினது போல. பாத்திரப் பொடியில் எலுமிச்சை பிழிந்து, மெல்லிய துணியால் இடது பக்கம் தேய்த்தேன். என்ன பளபளப்பு! வெள்ளிக் கிண்ணம் தோற்றது. இவர் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்ற மாதிரி ஜோடிக்கிறியே" என்றார்.

வலது பக்கம் தொடங்கும்போது பிரார்த்தனைக்கு வைத்திருந்த அலாரம் அடித்தது. கை கழுவிவிட்டு எழுந்தேன். திரும்பி வந்தால் டப்பாவில் பொடி இல்லை. நாளைக் காலையில் கடை திறந்ததும் வாங்க வேண்டும்.

மார்ச் 14, சனி

கடை திறக்கும் முன்பே அவர் வந்துவிட்டார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் குனிந்தபடியே இருந்தார். வலது பக்கத்தைப் பார்த்தார், இடது பக்கத்தைப் பார்த்தார், மறுபடி வலது.

"இத யார் தேச்சது?"

அந்தத் திட்டுகள் கறை இல்லையாம். இரும்பைக் கரியோடு சூளையில் வைத்து எடுக்கும்போது வருகிற நிறமாம். திரும்ப வராதாம். இத்தனை வருஷம் அது உதிராமல் இருந்ததே பெரிய விஷயமாம்.

இவர் சட்டென்று, "அது அப்பா காலத்துலயே அப்படித்தாங்க" என்றார். இருபத்தாறு வருஷத்தில் இவர் வாயிலிருந்து பொய் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் — நான் சும்மா இருந்தேன்.

அவர் எழுதிக் கொடுத்த மதிப்பு, நாத்தனாருக்கு வேண்டியதில் பாதிகூட வராது.

அடுப்படியில் போய் நின்றேன். யார் கேட்டது உன்னை? ஊரெல்லாம் அழுக்கென்றால் உனக்கென்ன? தேய்க்காமல் இருக்க முடியாதா உன்னால்?

மார்ச் 15, ஞாயிறு

பிரார்த்தனையில் வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 16, திங்கள்

காலையில் மதிப்பீட்டாளருக்கு நானே போன் செய்தேன். "ஐயா, தேச்சது நான்தான். வெள்ளிக்கிழம சாயங்காலம். பாத்திரப் பொடி, எலுமிச்சம்பழம், பழைய பனியன் துணி. இவர் எனக்காகச் சொல்லிட்டார். மன்னிச்சுக்கங்க."

"மெஷின்ல குடுக்கலையா?" என்றார்.

"வீட்ல மிக்ஸிதாங்க இருக்கு."

சிரித்துவிட்டார். விஷயம் இதுதான்: தகடு வெள்ளையாக இருக்கிறது, ஆனால் கோடுகள் கூர்மையாக இருக்கின்றன. எப்போதோ மெஷினில் தேய்த்து, மழுங்கின கோட்டின் மேலேயே யாரோ மறுபடி செதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தாராம். அப்படிச் செய்த துப்பாக்கியைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். "இப்பதான் கையால தேச்சதுன்னா, கோடெல்லாம் மொதல்ல வெட்டினதே. நெறம் போச்சு, வேல போகல. வலது பக்கத்தோட ஒப்பிட்டுக் காட்டலாம். அந்தப் பக்கத்தையும் தேச்சிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

அலாரத்தை நினைத்துக்கொண்டேன். காலி டப்பாவையும்.

போனை வைக்கும் முன் கேட்டார்: "அந்த நாய் ஏன் திரும்பி உக்காந்திருக்கு? நாப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

இவரிடம் கேட்டேன். இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அது துரை. தங்கச்சி வளத்த நாய். ஒரு வேலையும் செய்யாது, அதான் துரை. ஒருநாள் அப்பா அதையும் அவளையும் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனார். எனக்குக் காய்ச்சல், நான் போகல. பறவை எழும்புச்சாம், இது முதுகக் காட்டிட்டு உக்காந்துடுச்சாம். இவ வேற அழுதிருக்கா. அப்பா சுடாமலே வந்துட்டார். அப்புறம் சுடவே இல்ல. செதுக்கறவர்கிட்ட குடுத்துட்டு வந்தார்."

செதுக்கியவர் தப்பு இல்லை. சொல்லிச் செய்ய வைத்தது. துப்பாக்கி ஏன் நாத்தனாருக்கு என்பதும் புரிந்தது.

மார்ச் 18, புதன்

நாத்தனாருக்குப் போன். தேய்த்ததைச் சொன்னேன்.

"அண்ணி... எங்க வீட்டுக்கு வந்தப்ப ஒட்டாத வாணலியத் தேச்சு ஒட்டற வாணலி ஆக்கினீங்களே, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க நேரமானது. கடைசியில், "கடை போனாலும் பரவால்ல அண்ணி, நீங்க அழாதீங்க" என்றாள். எனக்கு இப்படி ஒரு நாத்தனார். எந்தப் பக்கத்தில் எழுதுவது இதை?

மார்ச் 21, சனி

இன்று தபாலில் போட்ட கடிதத்தின் நகல்:

"அன்புள்ள உனக்கு, மதிப்பீட்டாளர் முதல் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். நான் தேய்த்ததையும் தேதி போட்டு எழுதச் சொன்னேன். என்னால் போனது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஓய்வு பெற்ற கண் டாக்டர் ஒருவர் நேற்று வந்து பார்த்தார். சுடமாட்டார், கண்ணாடிப் பெட்டியில் வைப்பாராம். நாயைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழேயே வைக்கவில்லை. அன்று நடந்ததை நேரில் பார்த்தவர் கையெழுத்தில் ஒரு பக்கம் இருந்தால், உன் கடைக்குக் குறைகிற முழுத் தொகையையும் தருகிறேன் என்கிறார். வாயால் சொன்னால் கதை, எழுதிக் கொடுத்தால் சாட்சியாம். உயிரோடிருக்கும் சாட்சி நீ ஒருத்திதான். விற்க இப்போதும் சம்மதமா என்பதையும் எழுது. வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. வலது பக்கத்தைக் காகிதத்தில் பென்சிலால் ஒற்றியெடுத்து இதோடு வைத்திருக்கிறேன், துரை உன்னிடம் இருக்கட்டும். எந்த வருஷம், எந்த இடம், அவன் என்ன நிறம், அப்பா என்ன சொன்னார் — நடந்ததை நடந்தபடி எழுது. டாக்டர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார். அதற்குள் பதில் வேண்டும். சீக்கிரம் போடு."