நான் மாற்றிய தண்ணீர்

இன்று காலை பேத்தமங்களாவிலிருந்து மீன்காரி வந்தாள். விரால் செத்துவிடக் கூடாதென்று மண்பானையில் ஏரித் தண்ணீர் விட்டு, மேலே பாசியைப் போட்டு மூடிக்கொண்டு வருவாள். விலை பேசுவதற்கு முன் பானைக்குள் எட்டிப் பார்ப்பது என் வழக்கம். குனிந்தேன். அவள் பாசியை விலக்கினாள். குப்பென்று அந்த வாசனை வந்தது. முழங்கை வரை நனைந்துகொண்டு நீ என் குசினி வாசலில் வந்து நிற்கும்போது அடிக்குமே, அதே வாசனை. "இன்னாண்ணே, மீனு வேணுமா வேணாமா?" என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். துரைக்கு இன்றைக்குக் கோழியே போதும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கவிழ்த்தாகிவிட்டது. முழங்கால் வலிக்கிறது. எழுந்து நடக்கவும் சலிப்பு, உட்கார்ந்திருக்கவும் சலிப்பு. அதனால் எழுதுகிறேன். நீ எழுத்து அறியாதவன். உயிரோடு இருந்திருந்தாலும் இதை நானேதான் உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அதற்குத் துணிச்சல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

நீ முதலில் நான் சமைக்கும் இந்தத் துரை பங்களாவுக்குத் தண்ணீர் சுமக்க வந்தாய். அதற்கு முன் எட்டு வருஷம் சுரங்கத்தில், ஷாப்டுக்குள் இறங்கிப் பாறை துளைத்தவன். இருமல் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நாள் கீழே போனால் நெஞ்சு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பழைய தண்ணீர்க்காரன் காய்ச்சலில் கிடந்ததால் உனக்கு அந்த இடம் கிடைத்தது. அவன் எழுந்து வந்துவிட்டால் நீ மறுபடி கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கவேண்டியதுதான். "அவனுக்குக் காய்ச்சல் விடக்கூடாதுன்னு வேண்டிக்கிறது பாவமாபா?" என்று என்னைக் கேட்டாய். நான் கோவிலுக்குப் போகிறவன், எனக்குத் தெரியும் என்று நினைத்தாய். எனக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் துரைசானி மெட்ராஸிலிருந்து ஆறு சிவப்பு மீன்களை ஜாடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தாள். ஒர்க்‌ஷாப்பில் சொல்லி இரும்புச் சட்டம் அடித்து, நாலு பக்கமும் கண்ணாடி வைத்து ஒரு தொட்டி செய்யச் சொல்லியிருந்தாள். தொட்டி வந்த அன்றைக்கே தண்ணீர் நிரப்பி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆறு மீன்களையும் உள்ளே விட்டாகிவிட்டது. வாரத்துக்குள் ஆறும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெட்ராஸ் மீனுக்கு நம் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் அளந்தேன். நீ குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாய்.

"மீனு மேல ஒண்ணும் தப்பு இல்லம்மா. தண்ணி ரொம்பப் புதுசு. தண்ணிக்குக் கொஞ்சம் வயசாவணும்" என்றாய்.

சோப்பு, சோடா, வெந்நீர் என்று வீட்டையே கழுவித் தள்ளும் அந்த அம்மாவிடம் போய், தண்ணீர் பழசாக வேண்டும் என்று சொன்னவன் நீ ஒருவன்தான். அன்றைக்கே உன்னைத் துரத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ அடுத்த தரம் மீன் வந்தால் நீயே பார்த்துக்கொள் என்றாள். தனக்குத் தெரிந்த தமிழில், "மீன் இருக்குது, நீ இருக்குது" என்றாள். தண்ணீர்க்காரன் எழுந்து வந்த பிறகும் நீ மேலேயே இருந்ததற்கு அந்த வார்த்தைதான் காரணம். மீன் இருக்கும்வரை நீ கீழே போகவேண்டாம். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேத்தமங்களா ஏரியிலிருந்து மணலும் வேலம்பாசியும் கொண்டுவந்தாய். அப்போது குழாய் கிடையாது, பங்களாவுக்குத் தண்ணீர் மாட்டுவண்டியில் பீப்பாயில் வரும். வந்த தண்ணீரை ஒரு நாள் தொட்டிப் பக்கத்திலேயே வைத்திருந்து அப்புறம் ஊற்றினாய். ஒரு மாதம் அதில் இரண்டே இரண்டு கெண்டைக்குஞ்சு. மீன் தொட்டி எங்கே, நீர்க்குட்டை அல்லவா இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு மெட்ராஸிலிருந்து இரண்டு சிவப்பு மீன் வந்தது. அவற்றை உடனே விடாமல், ஜாடியோடு தொட்டித் தண்ணீரில் அரை மணி மிதக்கவிட்டாய். உள்தண்ணீரின் சூடும் வெளித்தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும் என்றாய். அவை நன்றாக இருந்த பிறகு இன்னும் இரண்டு. அதற்கும் பிறகு இன்னும் இரண்டு. ஒன்றுகூடச் சாகவில்லை.

நம் இருவருக்கும் நடந்த சண்டையெல்லாம் தீனியைப் பற்றித்தான். நீ ஒரு சிட்டிகை ரொட்டித்தூள் போடுவாய். சமையல்காரன் கண் முன்னால் ஆறு உயிர் பட்டினி கிடக்கிறதே என்று நான் ஒரு கைப்பிடி எடுத்து வருவேன். என் கையைப் பிடித்து நிறுத்துவாய். "நீ போடுறதுல பாதி மீனுக்கு இல்லபா, தண்ணிக்கு. மீனு தின்னாதத எல்லாம் தண்ணி தின்னும். அப்புறம் தண்ணிக்கு வயித்தால போவும்" என்பாய். நான் சிரித்து முடிப்பதற்குள் உனக்கு இருமல் வந்துவிடும். இப்போது நினைத்தால் அந்த ஒன்றரை வருஷத்தில்தான் உன் இருமலும் கொஞ்சம் அடங்கியிருந்தது.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். மணல் மேல் பழுப்பாகப் படிந்திருந்த வண்டலும், டீத் தண்ணீர் போல இலேசாக மஞ்சளோடிய தண்ணீரும். வாரத்துக்கு ஒரு தரம் கால்வாசித் தண்ணீரை இறைத்து மாற்றுவாய், முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைப்பாய், அதோடு சரி. என் குசினியில் ஒரு சட்டி அப்படி இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. "அது அழுக்கு இல்லபா. அதான் தண்ணிய நல்லா வெச்சிக்கிது" என்று எத்தனையோ தரம் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

குடியாத்தத்துப் பக்கம் உன் ஊரில் அம்மா போய்விட்டாள் என்று ஆள் வந்தது. காரியம் முடித்து வர ஏழெட்டு நாள் ஆகும். பௌரிங்பேட்டைக்குப் போகிற ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஓடிவந்து, "தீனி மட்டும் போடு. தண்ணியத் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தச் சனிக்கிழமை பங்களாவில் விருந்து. பத்துப் பதினைந்து துரைமாரும் துரைசானிமாரும் வருகிறார்கள். எல்லாரும் அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். மஞ்சள் தண்ணீரைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் உன் பிழைப்புக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டது. சத்தியமாக அப்படித்தான் பட்டது.

விருந்துக்கு முந்தின நாள் காலையில் துரையும் துரைசானியும் குதிரை வண்டியில் வெளியே போனபோது மீன்களை ஒரு வாளியில் எடுத்தேன். தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மணலைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு நாலு தரம் அலசினேன். வண்டியில் அப்போதுதான் வந்த தண்ணீரை அப்படியே ஊற்றி மீன்களை விட்டேன். தொட்டி பளபளவென்றிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ வந்ததும் காட்டி, உன் வாயை அடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

விருந்து நன்றாக நடந்தது. திங்கட்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியாக்கும் என்று நான் ஒரு கைப்பிடி தீனி போட்டேன். செவ்வாய் தண்ணீர் வடிகஞ்சி போலக் கலங்கியது. வியாழனுக்குள் ஆறும் செத்தன. துரைசானி தொட்டியைத் தோட்டத்தில் கவிழ்க்கச் சொன்னாள். மணல் ரோஜாச் செடிகளின் அடியில் போயிற்று. மறுநாள் நீ மொட்டைத் தலையோடு வந்து நின்றபோது உனக்குப் பார்க்க வெறும் கண்ணாடிதான் இருந்தது.

"மீன் போச்சு. நீ போ" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நீ குசினிக்கு வந்தாய். "நான் இல்லாதப்ப யாராவது தண்ணில கை வெச்சாங்களா?" என்று கேட்டாய். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். யாரும் வைக்கவில்லை என்றேன். எனக்கு நாலு பெண் பிள்ளைகள். குசினி போனால் நானும் கேஜில் ஏறவேண்டும், அந்த இருட்டுக்கு எனக்குப் பயம். காரணம் அவ்வளவுதான். அதை அலங்கரித்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அடுத்த வாரமே நீ ஷிப்டுக்குப் போனாய். அதற்கப்புறம் மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளில் குசினிப் பின்வாசலில் வந்து உட்காருவாய். உன் நெஞ்சு இழுக்கிற சத்தம் அடுப்படிவரை கேட்கும். எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். "நான் இன்னா தப்புப் பண்ணேன்னு சொல்லுபா. பாசில பூச்சி எதனா இருந்திருக்குமா? கடைசியா வந்த ரெண்டு மீனுக்கு நோவு இருந்திருக்குமா?" பிழைப்புப் போனதைவிட, காரணம் தெரியாமல் போனதுதான் உன்னை அரித்தது. நான் காப்பி கொடுப்பேன். தெரியவில்லை என்பேன். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, நீ எழுந்து போகிறவரை அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன்.

கடைசியாக உன்னைப் பார்த்தது சுரங்கக் கூலிக்காரர் லைனில், உன் வீட்டில். பாயில் சாய்ந்து உட்காரவைத்திருந்தார்கள். இருமலில் ரத்தம் வர ஆரம்பித்து ஒரு மாதமாகியிருந்தது. அன்றைக்குச் சொல்லிவிடுவதென்று நிச்சயம் செய்துகொண்டுதான் வந்தேன். வாயைத் திறப்பதற்குள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன்பா. ஊருக்குப் போற அன்னிக்கு, அம்மா செத்த துக்கத்துல, மூக்குப்பொடி போட்ட கையக் கழுவாமலே தொட்டித் தண்ணில வுட்டுட்டேன். பாசியச் சரி பண்ணேன். பொடி வெசமாச்சே. அதான் கொன்னிருக்குது. இல்ல?"

நான், "ஆமாம், அதுவாத்தான் இருக்கும்" என்றேன்.

"அப்பாடா" என்று நீ பாயில் சரிந்தாய்.

உன் மனைவி பொடி மட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். பொடி போட்டால் நெஞ்சில் இருக்கிற கல்தூசி கொஞ்சம் கிளம்பி வரும் என்பாய். கடைசி நாட்களில் உனக்கென்று மிச்சமிருந்த சுகம் அது ஒன்றுதான். நீ மட்டையைத் தள்ளிவிட்டாய். "வேணாம். அதத் தொட்ட கைதான் அதுங்களக் கொன்னுச்சு" என்றாய். அதன்பின் ஒன்பது நாள் இருந்தாய். அந்த ஒன்பது நாளும் பொடி கேட்கவே இல்லை என்று அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "இன்னாண்ணே ஆச்சு அவருக்கு, அதக்கூட வேணான்னுட்டாரே" என்று கேட்டு அழுதாள். அவளிடமும் எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.