காற்று பிரிந்ததா, மாயா?

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மாயாவுக்கு,

நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலம் என்று நீதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனில் கேட்டால் "நல்லாத்தான் கீறேன் நைனா" என்று வைத்துவிடுகிறாய். டில்லிபாபு சித்தப்பா இன்று நீ இருக்கிற ஓசூருக்கு ட்ரெய்லர் லாரி எடுக்கிறான். இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து வீடியோவில் முகம் காட்டவில்லை. ஹாஸ்டலில் நெட் இல்லை என்கிறாய். நெட் இல்லாத இடத்திலிருந்து உன் அம்மாவுக்குப் புடவைப் படம் மட்டும் எப்படி வந்து விழுகிறது? பேசும்போது பாதியில் நிறுத்தி மூச்சைப் பிடிக்கிறாய். போன வருஷம் குடல் அடைத்து, வலி விட்டு விட்டு வந்தபோதும் இப்படித்தான் பேசினாய். ஆலைச் சங்கு காதில் விழாத செவிடன்தான் நான். ஆனால் இது மட்டும் விழுகிறது.

நேற்று உன் ரூம் தோழி கீர்த்தி போனில் உன் அம்மாவிடம் உளறிவிட்டாள். உன்னைத் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போகிறாளாமே! வயிற்றைத் தேய்த்து, சிக்கிய சோற்றை வாயால் உறிஞ்சி எடுப்பார்களாம். எனக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருப்பேனா? நம் ஏரியாவில் தொக்கம் எடுக்கிற அம்மாவிடம் நானே போய், வலிக்கிறது என்று பொய் சொல்லிப் படுத்தேன். எண்ணெய் போட்டு அழுத்தி, உறிஞ்சி, உள்ளங்கையில் ஒரு கறித்துண்டைக் காட்டினார். "பாரு நைனா, எத்தினி நாளா உள்ள கெடந்துகினு கீது!" என்றார். பஞ்சு மாதிரி வெந்திருந்தது. உன் அம்மா சமைத்த கறி என்றைக்கு அப்படி வெந்தது? அது நம் வீட்டுக் கறியே இல்லை. இதை அம்மாவிடம் சொல்லாதே.

டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா? அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்த இடத்தில், ஆறும்போது குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அது யார் தப்பும் இல்லை. பைப் ஃபிட்டர் புத்தியில் நான், "தட்டினா அடைப்பு வுட்டுடுமா சார்?" என்று கேட்டு மானத்தை வாங்கினேன். "இது மடங்கின ரப்பர் டியூப்புங்க. அமுக்கினா கிழிஞ்சிடும்" என்றார். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் ஒன்றும் சாப்பிடாமல் நேரே ஆஸ்பத்திரி. பேதி மாத்திரை கூடாது, தேய்க்கக் கூடாது.

கத்திக்குப் பயந்து மறைக்கிறாய். எனக்கும் பயம்தான், அந்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னபோது என் பெயரையே தப்பாக எழுதியவன் நான். ஆனால் போன தடவை மூக்கில் டியூப், கையில் டிரிப்ஸ், அதோடு சரியாகிவிட்டதே. மறுபடி வெட்டினால் மறுபடி ஒட்டலாம் என்பதால் அவர்களும் சட்டென்று வெட்டமாட்டார்கள். நாள் கடத்தினால்தான் வெட்ட வேண்டிவரும்.

நான் வந்தால் சிரித்தே ஏமாற்றிவிடுவாய். சித்தப்பா உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பமாட்டான். உப்பியிருந்தால் அவனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, நான் அங்கே வந்து சேர்கிறேன்.

அன்று வார்டில் உனக்குக் காற்று பிரிந்ததும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். "இன்னா பெரியவரே, பேரன் பொறந்துட்டானா?" என்று ஆயா கேட்டது நினைவிருக்கிறதா? பிரிந்தது, பிரியவில்லை, இரண்டில் ஒன்றைச் சித்தப்பா போனில் நீயே சொல். வெட்கம் வேண்டாம், கண்ணு. பொய் மட்டும் வேண்டாம்.

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் நைனா,
ஜெயவேல்