மெழுகுத்தாள் ஒட்டாத சட்டம்

அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேலை செய்யும் இந்தத் தேனீப் பண்ணையில், அடை நேராக வர, தேன்பெட்டிச் சட்டத்தில் மெழுகுத்தாள் ஒட்டித்தான் வைப்பார்கள். நான் என் வீட்டுக்காரர் செய்தது போலவே மேல்கட்டையில் குச்சி மட்டும் பதித்து, வெறும் சட்டமாக வைத்தேன்.

மேஸ்திரி, "தாள் இல்லாம தேனீ கோணலாத்தான் கட்டும். செத்தவரு சொன்னதெல்லாம் வேதமா?" என்றார்.

"பெட்டி சாயலேன்னா அடையும் சாயாது. பாருங்க" என்றேன்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்துத்தான் பெட்டியைச் சமன் செய்தேன். நேற்றுத் திறந்தால், பத்துச் சட்டத்திலும் நூல் பிடித்தாற்போல் அடை. மேஸ்திரி ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்தார். தேனீ எனக்கு இரண்டு கொட்டு கொட்டியது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் செய்து அங்கே வைத்த சட்டங்களைக் கொழுந்தன் விறகுக்குக் கேட்டால் கொடுக்காதே. என் மகள் வந்து அதில் தேனீ வைப்பாள் என்று சொல். சமன் பார்க்கும் அவருடைய ரசமட்டத்தை அனுப்பு. அதில் அவர் கையிலிருந்த மெழுகு ஒட்டியிருக்கும், துடைத்துவிடாதே. வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகள்