ஸ்டோர் வாசலில் இன்று புஷ்பத்தின் முறை

என் பாசத்துக்கும் சண்டைக்கும் உரிய மாமிக்கு,

நீங்கள் போயிருக்கிற இடத்திலும் விடியற்காலையில் யாராவது விரலை நீட்டி, "நீ வா, நீ போ" என்கிறார்களா? அங்கே அப்படி ஒரு வாசல் இருக்காது என்று நம்பித்தான் வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றுகிறேன். இங்கே இன்னும் இருக்கிறது.

இரத்தோட்டை ரோட்டில் உள்ள அந்த வாசனைச் சரக்கு ஸ்டோரில் மிளகு புடைத்தும் கராம்பு காம்பு கிள்ளியும் உங்கள் கண்பார்வையே மங்கியது. வருடம் முழுக்க வேலை இருந்தது. ஆனாலும் உங்களுக்குப் பெயர் கைக்காசுக்காரி, அன்றாடக் கூலி. அன்றன்றைக்கு வாசலில் நின்று, சூப்பவைசர் கண்ணில் பட்டால்தான் வேலை. படாத நாளில் கட்டிக்கொண்டு போன சோற்றோடு திரும்பி வருவீர்கள். அதைப் பிரிக்காமல் வைத்திருந்து, ஸ்டோரில் பகல் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் சாப்பிடுவீர்கள். "ஏன் மாமி, இப்பவே சாப்புடுங்களேன்" என்றால், "நான் வேலைக்காரிடீ, நேரத்துக்குத்தான் சாப்புடுவேன்" என்பீர்கள். அந்த ரோசத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?

நீங்கள் இருமி இருமிப் போய்ச் சேர்ந்த அன்று ஸ்டோரிலிருந்து மலர்வளையம் வந்தது. உங்கள் முழுப்பெயரும் எழுதியிருந்தது. அவர்களுடைய எந்தப் பதிவிலும் ஏறாத பெயர். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை மாமி. கோபம்தான் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை.

இப்போது ஒரு செய்தி. அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கு நான் முறை போட்டுக் கணக்குப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். "சாமிக்கு அரப்படி அரிசிக்குக் கணக்கு எழுதுறவ, எனக்குக் கொழம்புல உப்பு போட மறந்துட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர்தானே நீங்கள். அந்த முறையில் யாரையும் தாண்டிப் போக முடியாது. முடியாதவள் முறை வந்தால் மற்றவர்கள் விறகு தூக்கிக் கொடுப்போம். ஆனால் பொங்கல் அவள் பெயரில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டோர் வாசலில் என்னோடு நிற்கிற பெண்களெல்லாம் பொங்கலுக்குக் கூடியிருந்தபோது, புஷ்பம் கோயில் அடுப்படியில் நின்று கேட்டாள். கால் சாய்த்து நடப்பாளே, அவள்தான். "அக்கா, அம்மன் என்னைத் தாண்டிப் போகல. அந்த சூப்பவைசர் மட்டும் ஏன் தாண்டிப் போறாரு? மிளகு பொறுக்க காலா வேணும்?"

நான் பொங்கல் பானையை இறக்கி வைத்தேன். பிறகு நான்தான் சொன்னேன்: "அப்ப வாசலுக்கும் முறை போடுவோம்." எத்தனை பேர் தேவையோ அத்தனை பேர், வரிசைப்படி. முறை இல்லாதவளைக் கூப்பிட்டால் அவள் போகக்கூடாது.

இதில் நட்டம் குசுமாவுக்குத்தான். லக்கலையில் காடு வெட்டிப் போட்ட சேனைப் பயிரை யானை அழித்த பிறகு பிள்ளைகளோடு இங்கே வந்து அறை எடுத்திருக்கிற சிங்களப் பெண். பலசாலி, அதனால் தினமும் முதல் விரல் அவளை நோக்கித்தான் நீளும். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம். அவள் தன் தமிழில் சொன்னாள்: "எங்க ஊர்ல யானை கூட தினம் ஒரே சேனைக்கு வராது அக்கே. மாத்தி மாத்தித்தான் வரும். யானைக்கு இருக்கிற நியாயம் நமக்கு வேணாமா?" சிரித்து முடிந்த பிறகு அவளே மெதுவாகச் சேர்த்தாள்: "எனக்கும் ஒருநாள் கை வலிக்கும்தானே."

விஷயம் எப்படியோ சூப்பவைசர் காதுக்குப் போய்விட்டது. முறை தொடங்கவேண்டிய நாளுக்கு முதல் நாள் சாயந்திரம் வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். வந்தவருக்குக் கொடுக்காமல் இருக்க நீங்கள் பழக்கவில்லையே.

"அக்கா, ஒங்க மக தர்ஷினி சும்மாதானே இருக்கு? ஒபிஸ்ல ஒரு இடம் இருக்கு. நிரந்தரம். ஈ.பி.எஃப். எல்லாம் கட்டுவாங்க. நீங்க இந்த முறை கிறையெல்லாம் கோயிலோட வச்சிக்கங்க."

ஏ.எல். பாஸ் பண்ணி, கொம்பியூட்டர் படித்து, விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்துபோன பிள்ளை. உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் மகன் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த அம்மன் படத்தைப் பார்த்தேன்.

"எம் மகளுக்கு வேல வேணும் தம்பி" என்றேன். "ஆனா புஷ்பத்தோட வயித்துல அடிச்சு வேணாம்."

அவர் போன பிறகு தர்ஷினி வெடித்தாள். "எனக்கு வந்த வேலைய வேணாம்னு சொல்ல நீங்க யாரும்மா? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" கேட்கவில்லைதான். நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள் மாமி?

காலையில் நான் புறப்பட்டபோது செருப்பைப் போட்டுக்கொண்டு அவளும் பின்னால் வந்தாள்.

வாசலில் மிளகு லொறி நின்றது. வானம் கறுத்திருந்தது. மிளகு நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், சூப்பவைசருக்கு அவசரம். "குசுமா, வா" என்றார்.

"இன்னைக்கு முதல்ல புஷ்பம் முறை மாத்தயா" என்றாள் குசுமா.

அடுத்தவளைக் கூப்பிட்டார். "புஷ்பம் முறைங்க." அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். அவர் லொறியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. புஷ்பம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். அவள் உள்ளே போய்ச் சேரும்வரை ஒருத்தியும் அடி எடுத்து வைக்கவில்லை.

பிறகு அவர் தர்ஷினியைப் பார்த்து, "நீயாவது யோசி. ஒபிசுக்கு வா" என்றார்.

"அந்த வேலைக்கு என்ன படிச்சிருக்கணும்னு வாசல்ல எழுதி ஒட்டுங்க சேர்" என்றாள் உங்கள் பேத்தி. "இந்த ரோட்டுல படிச்சிட்டு இருக்கிற எல்லாரும் வருவாங்க. நானும் வாரேன். அதுல நான் தேறலன்னா பேசாம போயிடுறேன்."

இதுவரை ஒன்றும் ஒட்டவில்லை. பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். என்னோடு அரைகுறையாகத்தான் பேசுகிறாள். முறை போட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வருடம் முழுக்க வேலை இருக்கிற இடத்தில் எதற்குக் கைக்காசு? பெயர் பதிந்து, லீவு கொடுத்து, இருமினால் மருந்துக்கு அனுப்புகிற வேலை எங்களுக்கு ஆகாதா? கேட்டால் பேராசை என்கிறார்கள். இருக்கட்டும்.

வருகிற வாரம் எல்லோருமாக பஸ் ஏறி மாத்தளைத் தொழில் அலுவலகத்துக்குப் போகிறோம். குசுமா சிங்களத்தில் பேசுவாள், தர்ஷினி எழுதுவாள். அவளாகவே வருகிறேன் என்று சொன்னாள், நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்பினால் மறுபடி போவோம்.

மாமி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் மகள் வேலைக்குப் போவாள். புஷ்பம் போகிற அதே வாசலால், யார் தயவும் இல்லாமல் போவாள். அதுவரைக்கும் அம்மனைத் தவிர யார் முன்னாலும் நான் கைகூப்ப மாட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வாழ வந்து, உங்களோடு வாய்க்கு வாய் பேசிய மூத்த மருமகள்,
தவமணி